உன் கண் உயரத்து யன்னல்

மகள், வீடு கட்டுகிற மேசன் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். முன்சுவரில் இருக்கிற சின்ன யன்னலுக்கு முன்னால் குந்தி இருந்து, அதற்குள்ளால் வாவியை எட்டிப் பார்த்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பி, "இது ஆருக்கம்மா வைச்ச யன்னல்? கோழி எட்டிப் பாக்கவா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இதே கேள்வியை இதைவிடக் காரமாக உன் அப்பாவிடம் கேட்டவள் நான். மேசன் யன்னலுக்கு மேலே கரிக்கட்டியால் ஒரு கோடு இழுத்துவிட்டு, "வாற வியாழக்கிழமை வந்து உடைக்கிறன். நல்ல உசரமா, அகலமா, கண்ணாடி போட்டு வைச்சுத் தாறன்" என்றார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வீடு உன்னுடையது, நான் எப்படிச் சொல்வது?

போன கிழமை தொலைபேசியில் நீ இரண்டு விஷயம் கதைத்தாய். ஒன்று, இந்த யன்னலை உயர்த்தச் சொன்னாய். "ஆக்கள் வந்தா சிரிக்கிறாங்களாம் அம்மா, உங்கட மருமகனுக்கும் வெக்கமா இரிக்கி" என்றாய். மற்றது, உன் மகள் அபியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிற்பாட்டி, நீங்களே வீட்டில் வைத்துப் படிப்பிக்கத் தொடங்கியிருப்பதாகச் சொன்னாய். நீங்கள் இருக்கிற வெளிநாட்டில் பிள்ளைகளை வனத்துக்கும் ஆற்றங்கரைக்கும் கூட்டிப்போய்ப் படிப்பிக்கிற தாய் தகப்பன்மார் நிறையப் பேராம். "எனக்கும் அப்பிடித்தானே அம்மா படிப்பிச்ச நீங்க? கிழமையில எந்த நாள் எங்க போன நாங்க? ஞாபகம் இரிக்கா?" என்று கேட்டாய். நான் வாயைத் திறக்க முதல் "அடுப்பில சோறு, மறுகா எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாய். உன் சோறு இன்னும் வேகவில்லைப் போலும். அதனால்தான் எழுதுகிறேன். நீ கேட்ட இரண்டுக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில். அது ஒரு கிழமையின் கதை. அந்தக் கிழமையைப் பற்றி நீ ஒருநாளும் கதைப்பதில்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் பெரிய ஞானத்தில் உன்னை வீட்டில் வைத்துப் படிப்பிக்கவில்லை. நீ இரண்டாம் வகுப்புக்குப் போன வருஷம் சண்டையால் பாதை நின்றுபோனது. பாதை என்கிற அந்தப் பெரிய படகில்தான் வாத்திமார் வாவியைக் கடந்து எழுவான்கரையிலிருந்து எங்கள் பக்கம் வருவார்கள். பாதை நின்றதும் அவர்களும் நின்றார்கள். பிறகு வேறு ஊர்களில் இருந்து ஓடிவந்த சனம் பள்ளிக்கூடத்துக்குள் குடியேறியது. கரும்பலகையைக் கழற்றி ஒரு குடும்பம் தங்கள் பக்கத்துக்குக் கதவாக வைத்திருந்தது. நீ அந்தக் கதவில் வெண்கட்டியால் கணக்குப் போட்டுவிட்டு ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தாய். அன்றைக்குத்தான் உன் அப்பா சொன்னார்: "பள்ளி நம்மளத் தேடி வராது. நாம வெளிக்கிட்டுப் போவம்."

என் கவலை வேறாக இருந்தது. உனக்குத் தெரியும், எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பிறந்தால் தாய்க்கு அன்றைக்கே சுவர் எழும்பத் தொடங்கவேண்டும். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து, மருமகனை அந்த வீட்டுக்கு எடுத்து, தாய் தகப்பன் பின்வளவில் ஒரு கொட்டிலில் ஒதுங்கிக்கொள்வதுதான் எங்கள் முறை. என் தாய் எனக்குத் தந்த வீடு எழுவான்கரையில் இருந்தது. நீ கைக்குழந்தையாக இருக்கும்போது அதைப் போட்டுவிட்டு இங்கே ஓடிவந்தோம். பிறகு கூரையும் இல்லை, நிலையும் இல்லை என்று கேள்விப்பட்டேன். மகளுக்குக் கொடுக்க வீடில்லாத தாய் நான். அந்தக் கொதிப்பை எல்லாம் உன் அப்பாவின் தலையில்தான் கொட்டினேன். வேறு யாருடைய தலை இருந்தது?

கட்டலாம் என்றால் சீமெந்து கிடையாது. வாவியைத் தாண்டி ஒரு பை சீமெந்தை ஆமியின் காவல் சென்றியால் கொண்டுவர விடமாட்டார்கள். இயக்கப் பெடியன்மார் பங்கர் கட்டுவார்கள் என்ற பயம். உன் அப்பா யோசித்துவிட்டு, "சீமெந்து இல்லாட்டி என்ன கா? வாவிக்குள்ள மட்டி இரிக்கி. முந்தின ஆக்கள் அதைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கித்தானே கட்டினவங்க" என்றார். அப்படித்தான் உன் படிப்பும் உன் வீடும் ஒரே வேலையானது. நீ இப்போது 'சுற்றுலா' என்று நினைவு வைத்திருப்பதெல்லாம் உண்மையில் வீட்டுக்குச் சாமான் சேர்க்கப் போனது. சிரிக்காதே.

திங்கட்கிழமை வாவி. தண்ணீர் வற்றிக் கிடக்கிற காலத்தில் கரையோரச் சேற்றைக் கிளறிச் செத்த மட்டிச் சிப்பிகளைப் பொறுக்கி ஓலைக் குட்டானில் நிரப்புவாய். பத்துப் பத்தாக வைத்து எண்ணவேண்டும், அது உன் கணக்கு. செவ்வாய்க்கிழமை வாவியோரச் சேற்றில் நிற்கிற கண்ணாக்காடு, சிப்பி சுடுகிற சூளைக்குப் பட்ட விறகு பொறுக்க. புதன்கிழமை வயல்வட்டைக்குப் போய்க் களிமண் குழைத்துச் செங்கல் அறுக்கிறது. எங்கள் வயல் அந்த வட்டையில்தான் இருந்தது, விதைக்கத்தான் விடவில்லை, மண் எடுப்பதை யாரும் தடுக்கவில்லை. கொப்பி இல்லாத காலம், அதனால் ஈரக் கல்லின் மேல் ஈர்க்கால் எழுதப் பழகினாய். முதலில் எழுத்து, பிறகு சொல், பிறகு "அம்மா இன்டைக்கும் ஏசினா" என்று முழு வசனம். அந்தக் கல்லைக் காயவைத்துச் சுட்டுச் சுவரில் வைத்துக் கட்டினார் உன் அப்பா. சாந்துக்குப் பின்னால் இப்போதும் நான் ஏசிக்கொண்டுதான் இருக்கிறேன். மற்ற நாட்களில் மணல் அரிப்பதும், கிடுகு பின்னுவதும், மழை என்றால் அடுப்படியில் என்னிடம் வாய்ப்பாடு சொல்வதும். வெள்ளிக்கிழமை முழுகிவிட்டுக் கோயில். அன்றைக்கு மட்டும் பாடம் இல்லை.

போகிற வழியெல்லாம் உன் அப்பா கதைத்துக்கொண்டே வருவார். வீட்டில் ஒரு சொல் பேசாத மனுஷன், வெளியில் போனால் வாய் மூடாது. தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்துக்கொண்டு நிற்கிற மீன்கொத்தியைக் காட்டி, அது எப்போது விழும் என்று உன்னிடம் கேட்பார். சேற்றில் ஓடுகிற உள்ளானின் கால்தடத்தையும் கொக்கின் கால்தடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவார். கண்ணா மரத்தில் முருங்கைக்காய் மாதிரித் தொங்குகிறதே, அது காய் இல்லை, மரத்திலேயே முளைத்துவிட்ட கன்று என்று சொல்லுவார். சிலது விழுந்து தாய்க்குக் கீழேயே குத்தி நிற்குமாம், சிலது மிதந்துபோய் எங்கேயோ கரையேறி முளைக்குமாம். இதை வைத்து உனக்கு ஒரு புத்திமதி சொல்ல நான் வரவில்லை. அன்றைக்கு அது வெறும் பாடம்தான்.

இனி அந்தக் கிழமை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சூளை எரிந்தது. சிப்பி ஒரு அடுக்கு, விறகும் பொச்சுமட்டையும் ஒரு அடுக்கு என்று வைத்து மூட்டியிருந்தார். திங்கட்கிழமை விடிய ஆறிப்போயிருந்த சிப்பிகளை வெளியில் எடுத்து நிலத்தில் பரப்பினார். பார்வைக்கு அப்படியேதான் சிப்பி, ஆனால் கையில் எடுத்தால் பாரமே இல்லை. "இப்ப பாரு புள்ள, தண்ணி பட்டா என்ன நடக்கும் எண்டு" என்று உன்னை ஒரு தடியளவு தள்ளி நிற்க வைத்து, சிரட்டையில் தண்ணீர் கொடுத்தார். வீட்டின் முன்சுவர் அப்போது உன் மோவாய் மட்டத்துக்கு எழும்பியிருந்தது. நான் அடுப்படியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வளவு வாசல் கடப்படியில் ஆமிக்காரர் நின்றார்கள். முதல்நாள் புகையைக் கண்டு ரோந்து வந்திருந்தார்கள்.

பெரியவன் மாதிரி இருந்தவன் வெள்ளைக் குவியலைப் பார்த்தான். ஒரு பக்கம் ஏற்கெனவே தண்ணீர் விட்டு நீற்றி வைத்த சுண்ணாம்புத் தூள் பீப்பாவில் இருந்தது. "இது என்ன மருந்து? குண்டு போடுற மருந்தா?" என்று கேட்டான். உன் அப்பா சுண்ணாம்பு என்றார், வீட்டுக்கு என்றார், கையால் சுவரைக் காட்டினார். அவனுக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கியது. ஆமி மாமாவுக்குத் தெரியவில்லை, காட்டிக் கொடுப்போம் என்று நினைத்தாய். "தண்ணி ஊத்தினாத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டு சிரட்டையை அந்தக் குவியலில் கவிழ்த்தாய்.

அது சீறியது. ஆவி குபுக்கென்று மேலே வந்தது, சிப்பிகள் படபடவென்று வெடித்து உதிர்ந்தன. ஆமிக்காரர்கள் பின்னால் பாய்ந்து துவக்கை நீட்டினார்கள். உன் அப்பா உன்னை இழுத்துத் தனக்குப் பின்னால் விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். நான் புட்டுப்பானையோடு ஓடிவந்தேன், ஏன் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. சீறல் அடங்கியபிறகு அந்தப் பெரியவன் பீப்பாவிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பையில் கட்டினான். "விசாரிச்சிட்டு விடுறது" என்று சொல்லி உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு துறைப்பக்கம் போனான். அவர் திரும்பிப் பார்த்து என்னிடம் சொன்னது இதுதான்: "நாளைக்குச் செவ்வாய். கண்ணாக்காட்டுக்குக் கூட்டிப் போ."

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்டாயானால்! புருஷனை ஆமி கொண்டுபோகிறது, அவர் பாடத்தைப் பற்றிச் சொல்கிறார். அந்த நாட்களில் அப்படிக் கொண்டுபோனவர்களில் திரும்பி வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. வராதவர்களின் பெண்சாதிமார் எங்கள் ஊரிலேயே இருந்தார்கள். அன்று முழுக்க நான் துறைக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். தோணிக்காரர் யாரும் ஆமி காம்ப் இருந்த அந்தக் கரைக்கு என்னை ஏற்றத் துணியவில்லை. நீ புட்டும் தின்னவில்லை.

செவ்வாய்க்கிழமை உன்னைக் கண்ணாக்காட்டுக்குக் கூட்டிப் போனேன். வேறு என்ன செய்வது? வீட்டில் இருந்தால் இரண்டு பேருக்கும் பைத்தியம் பிடித்திருக்கும். ஆனால் எனக்குப் பறவையைப் பற்றி என்ன தெரியும்? வெள்ளையாக இருந்தால் கொக்கு, கறுப்பாக இருந்தால் காகம். தண்ணீருக்குள்ளிருந்து ஒன்று கறுப்பாக எழும்பிக் கம்பில் இருந்து சிறகை விரித்துக் காயப்போட்டது. "அந்தா பார், நனைஞ்ச காகம்" என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "அது நீர்க்காகம் அம்மா" என்றாய். முதல்நாள் காலைக்குப் பிறகு நீ பேசிய முதல் பேச்சு அது. அதனால் நான் வேண்டுமென்றே இன்னும் இரண்டு பறவையைப் பிழையாகச் சொன்னேன். நீ திருத்திக்கொண்டே வந்தாய். விறகுக் கட்டைத் தூக்கித் தலையில் வைக்கும்போது கேட்டாய்: "நான் தண்ணி ஊத்தினதாலயா அம்மா அப்பாவக் கொண்டு போன?"

இல்லை என்றேன் உடனே. அவர்கள் புகையைக் கண்டுதான் வந்தார்கள், நீ ஊற்றியிருக்காவிட்டாலும் கொண்டுபோயிருப்பார்கள் என்றேன். அது உண்மைதான். ஆனால் நீ நம்பவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்குத் தான் கண்ணால் கண்டதுதான் உண்மை. தண்ணீர் ஊற்றினாய், சீறியது, அப்பாவைக் கொண்டுபோனார்கள். அதற்கு மேல் என் வாய்ப்பேச்சு என்ன செய்யும்?

அன்று பின்னேரம் தொடங்கி நீ அந்த அரைகுறைச் சுவருக்குப் பின்னால் போய் நின்றாய். சுவரின் மேல் மோவாயை வைத்துக்கொண்டு துறையையே பார்த்தாய். புதன்கிழமை வட்டைக்குப் போய்க் கல் அறுத்துவிட்டு வந்தோம், கால் கழுவின கையோடு போய் நின்றாய். அன்றைக்கு நீ ஈரக் கல்லில் ஒன்றும் எழுதவில்லை. வியாழக்கிழமை மணல் அரித்தோம். வெள்ளிக்கிழமை கோயிலில் வைத்து ஒரு தோணிக்காரர் என் காதோடு சொன்னார்: "காம்பில உசிரோட இரிக்கார் புள்ள. நான் கண்ட நான், முத்தத்தில குப்பை கூட்டிக்கொண்டு நிண்டவர்." நான் கோயில் என்றும் பாராமல் அழுதேன். உன்னிடம் வந்து சொன்னேன். நீ தலையை ஆட்டிவிட்டுப் பழையபடி சுவரடிக்குத்தான் போனாய். கல் சொரசொரப்பு, உன் மோவாயில் தோல் உரிந்திருந்தது. எண்ணெய் பூசிவிட்டேன், ஏசவில்லை. நான் ஏசாத கிழமை அது ஒன்றுதான்.

சனிக்கிழமை பொழுதுபடுகிற நேரம் அவர் வந்தார். நான் காணவில்லை, நீதான் கண்டாய். நீ கத்தவில்லை, கூப்பிடவில்லை. சுவரடியில் அப்படியே நின்றுகொண்டு, "தோணி" என்று மட்டும் சொன்னாய். நான் எட்டிப் பார்த்தேன். எங்கள் பக்கத்து வெயில் வாவிக்கு மேலே விழுந்து, வருகிற தோணி நன்றாகத் தெரிந்தது. தோணியின் முன்நுனியான முன்னணியத்தில் மெலிந்துபோன ஒரு ஆள் குந்தியிருந்தார். ஒரு கை வீங்கியிருந்தது. கரையேறி வந்து அவர் முதலில் உன் மோவாயைத்தான் தொட்டுப் பார்த்தார்.

அங்கே என்ன நடந்தது என்று அவர் எனக்குக் கூட முழுதாகச் சொன்னதில்லை. யாரோ வயதான ஆள் ஒருவர் அந்தத் தூளை நாக்கில் வைத்துப் பார்த்து வெற்றிலைச் சுண்ணாம்பு என்று சொன்னாராம், பிறகுதான் விட்டார்களாம். ஆனால் ஒன்று சொன்னார், நீ தூங்கியபிறகு. தோணி நடு வாவிக்கு வந்தபோது கரையில் மரம் தெரிந்ததாம், நாங்கள் இருந்த கொட்டில் தெரிந்ததாம், பிறகு செங்கல் சுவர் தெரிந்ததாம். அதற்கு மேலே இரண்டு கண் தெரிந்ததாம். "அந்த ரெண்டு கண்ணையும் கண்ட பிறகுதான் நான் உசிரோட வாறன் எண்டு எனக்கே தெரிஞ்ச" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடிய அவர் உன்னை எழுப்பினார். மிச்சமிருந்த சுட்ட சிப்பியை நிலத்தில் பரப்பி, சிரட்டையில் தண்ணீர் அள்ளி உன்னிடம் நீட்டினார். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய். "திங்கக்கிழமைப் பாடம் அரைவாசியில நிக்கி. முடிப்பம்" என்றார். நீ அழத் தொடங்கினாய். என்னால் பார்க்க முடியவில்லை, "விடுங்க, புள்ள பயப்பிடுது" என்றேன். அவர் விடவில்லை. தானும் பக்கத்தில் குந்தி, உன் கைக்குக் கீழே தன் வீங்கின கையை வைத்துப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாக ஊற்றினீர்கள். சீறியது. ஆவி வந்தது. நீ கண்ணை மூடிக்கொண்டாய். சீறல் அடங்கியபிறகு கண்ணைத் திறந்து பக்கத்தில் பார்த்தாய். அப்பா அங்கேயே இருந்தார். பிறகு நீயே போய் இன்னொரு சிரட்டை தண்ணீர் அள்ளி வந்தாய். அன்றைக்கு நீற்றின சுண்ணாம்பில்தான் உன் முன்சுவரின் மிச்சம் கட்டியது.

அந்தச் சுவரை மேலே எழுப்பத் தொடங்கியபோது அவர் நீ நின்ற இடத்தில் மட்டும் கல் வைக்கவில்லை. உன்னை நிற்க வைத்து, நிலத்திலிருந்து உன் கண் மட்டத்துக்கு ஒரு ஈர்க்கை ஒடித்து அளவெடுத்தார். பழைய தோணிப் பலகையில் சின்னதாக ஒரு நிலை அடித்தார். நான் வந்து பார்த்துவிட்டுக் குதித்தேன். "உங்களுக்கு மூளை இரிக்கா? இவ்வளவு கீழ, பதிவா யன்னல் வைக்கிறதா? நாளைக்கு வாற மாப்புள்ள முழங்காலில நிண்டா வாவி பாக்கிற?" என்றேன். அவர் அசையவில்லை. "வீடு ஆர்ட? புள்ளைட. அப்ப யன்னல் புள்ளைட கண்ணுக்குத்தான் கா" என்றார். பிள்ளை வளராதா என்று கேட்டேன். வளரட்டும் என்றார். ஊரில் எல்லோருக்கும் இந்தக் காரணத்தைத்தான் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்துதான் சிரித்தேன். உண்மையான காரணத்தை அவர் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. அந்தத் தோணிக் கதையைக் கேட்டிருந்தும் எனக்கு அது விளங்கவே பல வருஷம் எடுத்தது, நான் கொஞ்சம் மக்குத்தான்.

பிறகு பள்ளிக்கூடம் திறந்தது, வாத்திமார் வந்தார்கள், நீ எல்லாரையும் முந்திக்கொண்டு படித்தாய். முறைப்படி வீட்டை உன் பெயருக்கு எழுதிவிட்டு நானும் அப்பாவும் பின்கொட்டிலுக்குப் போனோம். கல்யாணம் முடித்துச் சில நாள் மட்டும் அந்த வீட்டில் இருந்தீர்கள், பிறகு விமானம் ஏறினீர்கள். நான் வீட்டைப் பூட்டவில்லை. காலையில் போய்க் கூட்டிவிட்டு, யன்னலைத் திறந்துவிட்டு வருவேன். விடிய வெயில் வாவியில் பட்டு அதற்குள்ளால் வந்து நிலத்தில் ஒரு சின்னச் சதுரமாக விழும். உன் அப்பா கடைசிக் காலத்தில் நடக்க முடியாமல் போனபோது, உன் வீட்டுக்குள்தான் தன்னைக் கிடத்தச் சொன்னார். கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்து கிடந்தால் அந்த யன்னல் அவருக்குச் சரியான உயரம். தலையைத் திருப்பினால் துறை. நீ தொலைபேசியில் "அப்பா என்ன செய்யிறார்?" என்று கேட்கும்போதெல்லாம் "படுத்திருக்கிறார்" என்று சொன்னேனே, படுத்துக்கொண்டு அதைத்தான் செய்தார். உனக்கு விமானம் கிடைத்து வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. அழுது வீங்கின கண்ணோடு வந்தாய், எட்டாம் நாள் சடங்கு முடிந்ததும் போனாய். அந்த நாட்களில் நீ அந்த யன்னல் பக்கமே போகாததை நான் கவனித்தேன்.

ஆகவே இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். அபிக்கு என்ன படிப்பிக்கலாம் என்று கேட்டாய். திங்கள் தண்ணீர், செவ்வாய் மரம், புதன் மண் என்று எழுதி அனுப்பலாம், அதில் என்ன இருக்கிறது? உன் புத்தகங்களில் இதைவிட நன்றாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். அவள் ஏதாவது ஒன்றுக்குப் பயந்தால், அதை வீட்டிலிருந்து அப்புறப்படுத்திவிடாதே. அவள் கைக்குக் கீழே உன் கையை வை. நான் அன்றைக்கு வாயால் சொன்ன 'இல்லை' ஒன்றுக்கும் உதவவில்லை. உன் அப்பாவின் வீங்கின கைதான் உதவியது.

யன்னலை உடைத்து உயர்த்தவும் சொன்னாய். ஆக்கள் சிரிப்பதால் அதை உயர்த்தச் சொல்கிறாய் என்று நான் நம்பவில்லை மகள். உன் பேச்சில் எது உண்மை, எது சாட்டு என்று எனக்குத் தெரியாதா? மாமியாருக்குச் சொல்கிற கதையைப் பெற்ற தாயிடமே சொல்கிறாய். அந்த உயரத்தில் நீ நின்றதை நீ மறக்கவில்லை. அங்கே நின்ற பிள்ளை ஏதோ பிழை செய்த பிள்ளை என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்பா அந்த யன்னலை வைத்தது பிழை செய்த பிள்ளைக்காக அல்ல. தன்னை உயிரோடு கரைக்குக் கொண்டுவந்து சேர்த்த பிள்ளைக்காக. அதை அவர் வாயால் சொல்லியிருந்தால் நீ அவ்வளவு தூரம் போகாமல்கூட இருந்திருப்பாய். அவர் சொல்கிற ஆள் இல்லை, கட்டுகிற ஆள்.

உடைப்பதென்றால் உடைப்போம். உன் வீடு, உன் சொல். ஆனால் ஒருமுறை வந்துவிட்டுச் சொல். எனக்கு உன்னைப் பார்க்கவேண்டும். இதை நேராகச் சொல்ல எனக்கு இவ்வளவு பக்கம் தேவைப்பட்டிருக்கிறது. தொலைபேசியில் உன் முகம் அசைகிறது, கதைக்கிறது, பிறகு இருட்டாகிவிடுகிறது, எனக்கு அது போதாது. அபிக்கு இப்போது ஏழு. இந்த வருஷம் அவள் கண் அந்த யன்னலுக்கு நேராக இருக்கும். வாற வருஷம் இராது. அவளை நிற்க வைத்து நிலத்திலிருந்து கண்வரைக்கும் ஒரு நூலால் அளந்து அனுப்பு என்று எழுதத்தான் முதலில் பேனையை எடுத்தேன். நூல் வேண்டாம். அவளையே கூட்டிக்கொண்டு வா.

ஒன்று மட்டும். பாலத்தால் வராதீர்கள். இப்போது எல்லாரும் பாலத்தால் வாகனத்தில் வந்து பின்வளவுப் பக்கமாக இறங்குகிறார்கள், முன்பக்கம் பார்க்க ஆளில்லை. நீங்கள் எழுவான்கரையிலேயே இறங்கி ஒரு தோணி பிடியுங்கள், பொழுதுபடுகிற நேரமாகப் பார்த்து வாருங்கள். அபியை முன்னணியத்தில் இருக்கவிடு. தண்ணீருக்கு மேலே சிறகடித்து நிற்கிற மீன்கொத்தியைக் காட்டு, அது எப்போது விழும் என்று கேள். பிறகு கரையைப் பார்க்கச் சொல். முதலில் மரம் தெரியும், பிறகு கொட்டில், பிறகு சுவர். மேசனுக்கு வியாழக்கிழமை வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எனக்கும் குந்தி இருக்க முழங்கால் விடாது, அதனால் நீ சின்னப் பிள்ளையில் இருந்த கதிரையைத்தான் யன்னலடியில் போட்டு வைத்திருக்கிறேன். இந்தமுறை சுவரில் தெரிகிற இரண்டு கண்ணும் என்னுடையது.

அம்மா